3.8 செ.மீ. வெள்ளை டேப்: கணுக்காலை எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பள்ளி அணியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னரின் பையில் முதலில் தீர்ந்துபோவது 3.8 செ.மீ. அகலமுள்ள, நீளாத ஜிங்க் ஆக்சைடு டேப். ஒரு ரோலின் நீளம் ஏறக்குறைய 13.7 மீட்டர். முறையாகக் கட்டினால் இரண்டு கணுக்காலுக்கு வரும், கை சிக்கனமாக இருந்தால் மூன்றுக்கு. ஏற்கெனவே சுளுக்கிய கணுக்காலைப் போட்டியன்று கட்ட இதைவிட நல்ல டேப் இல்லை. தினசரிப் பயிற்சிக்கு இதையே நம்பினால் பணமும் நேரமும்தான் கரையும். கடையில் இதன் பக்கத்தில் தொங்கும் வண்ண வண்ண கினீசியோ டேப்பை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது நீளும், கால் மடங்குவதைத் தடுக்காது.

ரோல் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே இழுவையில் பிரிந்துவருகிறதா என்பதுதான் தரம். மலிவான ரோல்கள் நடுவில் திடீரென இறுகும். அந்த இறுக்கம் அப்படியே வீராங்கனையின் காலுக்குப் போய்விடும். போட்டிக்கு முன்பு வரிசையாகப் பத்துப் பதினைந்து கால்களைக் கட்டுகிறவருக்குக் கைப் பெருவிரல் அடியில் வலி வருவதற்கும் இதுவே காரணம். சிறிய கைகளுக்கு இதைக் கிழிப்பது சிரமம் என்பது பொதுவான புகார். உண்மையில் இதற்குப் பலம் தேவையில்லை. இரண்டு கைகளின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓரத்தில் நெருக்கமாக வைத்து, டேப்பை விறைப்பாகப் பிடித்து, ஒரு கையை முன்னும் மற்றதைப் பின்னுமாகச் சட்டென்று விலக்கினால் கிழிந்துவிடும். ஓரம் ஒருமுறை மடங்கிவிட்டால் எவர் இழுத்தாலும் கிழியாது; அந்த இடத்தை விட்டு அடுத்த இடத்தில் பிடிப்பதே மேல்.

இனி கட்டும் முறை. வீராங்கனை மேசையில் அமர்ந்து ஆடுசதையின் பாதிக்குக் கீழே காலை வெளியே நீட்ட வேண்டும். பாதம் 90 பாகையில் நிற்க வேண்டும். தோல் சுத்தமாக, ஈரமின்றி இருக்கட்டும். ஒட்டும் ஸ்ப்ரே அடித்து, அது பிசுபிசுப்பாகும்வரை காத்திருக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாணின் மேலும், ஷூ லேஸ் வரும் முன்பக்க மடிப்பிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய சிறு பேடுகளை வைத்து, டேப்புக்கு அடியில் தோலைக் காக்கும் மெல்லிய நுரைப் பட்டையான ப்ரீராப்பை ஒரே அடுக்காகச் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று அடுக்கு சுற்றினால் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் டேப் தோலைப் பிடிக்காமல் நுரையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தில் மொத்தமாக வழுக்கும்.

கணுக்கால் எலும்புக்கு மேலே 12 செ.மீ. அளவில் இரண்டு ஆங்கர் (மற்ற பட்டைகள் பிடித்துநிற்கும் அடிப்பட்டை), நடுப்பாதத்தில் ஒன்று. பாதத்து ஆங்கரை மட்டும் தளர்வாகப் போட வேண்டும், ஏனென்றால் எழுந்து நின்றதும் பாதம் விரியும். சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பின்மேல் இது இறுகினால் ஓடத் தொடங்கியதுமே வலிக்கும். அடுத்து மூன்று ஸ்டிரப், அதாவது குதிகாலைத் தாங்கும் U வடிவப் பட்டைகள். ஒவ்வொன்றும் உள்பக்கத்தில் தொடங்கி, குதிகாலின் அடியில் சென்று, வெளிப்பக்கம் மேலேற வேண்டும். பெரும்பாலான சுளுக்குகளில் பாதம் உள்நோக்கி மடங்கி வெளிப்பக்கத் தசைநாரே கிழிகிறது. இந்த இழுவை அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. ஒவ்வொரு பட்டையும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். பிறகு 8 வடிவச் சுற்று, இருபுறமும் தலா இரண்டு ஹீல் லாக் (குதிகாலை அசையாமல் பிடிக்கும் குறுக்குச் சுற்று), கடைசியில் மேலிருந்து கீழாக இடைவெளிகளை மூடுவது. முழுக் கட்டில் கை பழக வெகுகாலம் பிடிப்பது ஹீல் லாக்தான். அது சரியாக அமையாவிட்டால் மற்ற பட்டைகள் வெறும் அலங்காரம்.

கட்டி முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விட வேண்டும். இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். “ஓடினால் தளர்ந்துவிடும்” என்று சமாதானம் சொல்லி அனுப்பக் கூடாது. கொப்புளத்துக்கும் வெட்டுக்கும் பெரும்பாலும் காரணம் சுருக்கங்கள்தான். டேப்பை நாம் விரும்பிய திசைக்குத் திருப்பினால் சுருக்கம் விழும். காலின் வளைவு போகிற போக்கில் விட்டால் விழாது. பாதி கட்டும்போது பேச்சு சுவாரசியத்தில் பாதம் தொங்கிவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. அந்த நிலையில் கட்டிய டேப், அவர் எழுந்து நின்றதும் முன்பக்க மடிப்பில் கடிக்கும்.

இதன் பெரிய குறை ஆயுள். அரை மணி நேரம் ஓடிக் குதித்தாலே முதலில் இருந்த பிடிப்பில் கணிசமான பகுதி போய்விடும். வியர்வை கூடினால் இன்னும் சீக்கிரம். இந்த இடத்தில் லேஸ் வைத்த கணுக்கால் பிரேஸ் (காலில் மாட்டிக்கொள்ளும் தாங்கு உறை) டேப்பை வென்றுவிடுகிறது. இடைவேளையில் வீராங்கனையே இறுக்கிக்கொள்ளலாம், துவைத்து மறுபடி அணியலாம். ஷூ இறுக்கமாகிவிடும் என்ற முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். மறுசுளுக்கைக் குறைப்பதில் இரண்டுமே உதவும். பயிற்சிக்குப் பிரேஸ், பிரேஸ் பொருந்தாத காலுக்கும் போட்டிக்கும் டேப் என்று பிரித்துக்கொண்டால் ஒரு பெட்டியின் 32 ரோல் நெடுநாள் வரும்.

புதிதாக அடிபட்ட காலை இந்த டேப்பால் கட்டி ஆட்டத்துக்கு அனுப்பக் கூடாது. நான்கு காலடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு அங்கே வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் மென்மையான பகுதி) இருப்பதால், சுளுக்கு போலத் தெரிவது எலும்பு முறிவாகவும் இருக்கலாம்.

ரோல்களை வெயில் படும் காரின் பின்பெட்டியில் வைத்தால் பசை இளகிப் பக்கவாட்டில் வழியும். பிரிக்கும்போது பசை அடுத்த சுற்றிலேயே தங்கிவிடும். குளிர்ந்த இடத்தில், தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும். உருண்டைப் பக்கம் கீழே வைத்தால் நசுங்கிய ரோல் சீராகச் சுழலாது. பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒரு ரோல் மட்டும் வாங்கிக் கடைசி மீட்டர்வரை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.