கரைவலைச் சம்மாட்டி எந்த வர்க்கம்? மார்க்ஸ், வெபர், டேர்கைம்: ஓர் ஒப்பீடு

திருகோணமலைக் கரையோரத்தை வைத்து வர்க்கம் பற்றி எழுதப்படும் பட்டதாரி ஆய்வுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ், வெபர், டேர்கைம் மூவரும் வரிசையாக நிற்பார்கள். நான்காம் அத்தியாயத்தில் தரவு வரும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். மூவரையும் சுமந்துகொண்டு களத்துக்குப் போகமுடியாது. வினாக்கொத்து எழுதும்போதே ஒருவரைத் தெரிவுசெய்தாக வேண்டும். கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, படகுச் சொந்தக்காரர், அவர்களின் ஆட்கள் எந்த வர்க்கம் என்று கேட்கும் கடற்றொழில் ஆய்வு என்றால் என் தெரிவு மக்ஸ் வெபர்.

எமில் டேர்கைமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். குறைந்தவர் என்பதற்காக அல்ல, அவர் கேட்கும் கேள்வி வேறு. வேலைப் பிரிவினை பற்றிய 1893ஆம் ஆண்டு நூலில், ஆளுக்கொரு தொழில் என்றாகிவிட்ட சமூகத்தை எது சேர்த்துப் பிடிக்கிறது என்றுதான் தேடுகிறார். பரம்பரைச் சொத்து இருக்கும்வரை ஒப்பந்தம் நியாயமாக இராது என்று அதே நூலில் சொல்வது கூர்மையான இடம். ஆனால் அங்கிருந்து வர்க்கக் கோட்பாடு எதையும் அவர் கட்டவில்லை. தற்கொலை பற்றிய 1897ஆம் ஆண்டு நூலின் முறையோ பெரிய தொகையில் எடுத்த வீதங்களை ஒப்பிடுவது. நாற்பது படகு நிற்கிற ஒரு கரைக்கு அது ஒத்துவராது.

மிச்சம் மார்க்ஸும் வெபரும். சீனக்குடா மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, புல்மோட்டை கனிய மணல் மாதிரியான இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மார்க்ஸ்தான். சம்பளம் இருக்கிறது, வேலைநேரம் இருக்கிறது, உற்பத்திச் சாதனம் யாருடையது என்பதில் குழப்பமில்லை. உபரி மதிப்பை, அதாவது தொழிலாளி உண்டாக்கி, கூலிக்கு மேல் முதலாளியிடம் போகும் மதிப்பை, கணக்குப் பார்க்க முயலவாவது முடியும்.

சிக்கல் நிலாவெளி, குச்சவெளிக் கரைக்கு வந்ததும் தொடங்குகிறது. ஒரு பைபர் படகை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 100 கிலோ மீன், கிலோ 1,000 ரூபாய், விற்பனை 1,00,000. மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு 40,000. மிஞ்சிய 60,000இல் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. ஆட்கள் மூவர், ஆளுக்கு 10,000. அந்த மூவரில் ஒருவர் படகுச் சொந்தக்காரர். அவர் கையில் மொத்தம் 40,000. இவர் முதலாளியா, தொழிலாளியா?

மார்க்ஸிடம் இதற்கு விடை இல்லாமல் இல்லை. உபரி மதிப்புக் கோட்பாடுகளின் வரலாற்றை எழுதிய கையெழுத்துப் பிரதிகளில், சொந்தக் கருவியோடு வேலை செய்பவரை முதலாளித்துவக் கண் இரண்டு ஆட்களாகப் பிளந்து பார்க்கிறது என்கிறார்: கருவியின் சொந்தக்காரராக முதலாளி, உழைப்பவராகத் தன்னிடமே கூலிக்கு நிற்பவர். கணக்குக்கு இது அழகாகப் பொருந்துகிறது, 30,000 ஒருவருக்கு, 10,000 மற்றவருக்கு. ஆனால் அந்த ஆள் யாரோடு சேருவார், யாரோடு மல்லுக்கட்டுவார் என்பதை அது சொல்லவில்லை. வர்க்கம் என்றால் என்ன என்று நேரடியாகக் கேட்கிற ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தின் 52ஆம் அத்தியாயமோ பாதியில் நின்றுவிட்டது. வருமானம் வரும் ஊற்றை வைத்துப் பிரித்தால் வைத்தியரும் அரச அலுவலரும்கூடத் தனித்தனி வர்க்கமாகிவிடுவார்களே என்று எதிர்க்கேள்வி போட்ட கொஞ்சத்திலேயே கையெழுத்துப் பிரதி முடிகிறது. 1894இல் மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் அதை அப்படியே அச்சிட்டார்.

என்னை வெபர் பக்கம் சாய்ப்பது ஒரே ஒரு விஷயம்: சந்தை மூன்று என்று அவர் பிரித்துக்காட்டுவது. 1920இல் அவர் இறந்த பிறகு வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ நூலில், வர்க்கம், அந்தஸ்துக் குழு (சமூக மதிப்பால் ஒன்றுசேரும் கூட்டம்), கட்சி பற்றிய பகுதியில் இது வருகிறது. வர்க்கநிலை என்பது சந்தையில் ஒருவருக்கு உள்ள வாய்ப்பு. வர்க்கப் போராட்டம் முதலில் கடன் சந்தையில் நடந்தது, பிறகு பண்டச் சந்தைக்கு வந்தது, கடைசியில் உழைப்புச் சந்தைக்கு நகர்ந்தது என்று வரலாற்று வரிசையாக அவர் எழுதினார். எங்கள் கரையில் மூன்றும் ஒரே வருடத்துக்குள் நடக்கின்றன.

அதே படகுக்கு வருவோம். எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்த வாடி (கரையில் மீன் வாங்கும் கொட்டில்) முதலாளிக்குத்தான் மீன் போடவேண்டும் என்று வையுங்கள். கரையில் விலை 1,150, அவர் எடுப்பது 1,000. நூறு கிலோவில் 15,000 போய்விட்டது. படகோ வலையோ அவர் பெயரில் இல்லை. கடலில் கால் நனைக்கவும் இல்லை. அந்த 15,000 படகுக்கே வந்திருந்தால் சொந்தக்காரருக்கு 10,000உம் மற்ற இருவருக்கும் 2,500 படியும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆக, விலை என்று வரும்போது சொந்தக்காரரும் ஆட்களும் ஒரே பக்கம். படகுப் பங்கு பாதியா, அதற்கும் கூடவா என்று வரும்போது அதே இருவர் எதிரெதிர்ப் பக்கம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்து வீட்டுச் செலவுக்குக் கடன் தேடும்போது இரண்டு வீட்டுக்கும் எதிரே நிற்பது ஒரே வாடி முதலாளி. ஆள் மாறவில்லை, சந்தை மாற எதிராளி மாறுகிறார். படகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. இலவசமாகப் புதுப் படகு வந்தாலும் கடன் பழைய இடத்தில் இருந்தால் என்ன மாறும் என்ற கேள்வியையும் இதை வைத்துத்தான் கேட்கமுடிகிறது. சுனாமிக்குப் பிந்திய உதவித்திட்டங்களைப் படிப்பவருக்கு இது முக்கியம்.

நியாயமாகச் சொன்னால், வணிக மூலதனமும் வட்டி மூலதனமும் மார்க்ஸ் அறியாதவை அல்ல. மூன்றாம் பாகத்தில் இரண்டுக்கும் அத்தியாயங்கள் உண்டு. நவீன முதலாளித்துவத்தில் அவை உபரி மதிப்பில் பங்கு பெறுவதையும் அவர் காட்டுகிறார். ஆனால் சிறு உற்பத்தியாளரைக் கடனால் பிடிக்கும் வட்டிக்காரரைப் பெரும்பாலும் முதலாளித்துவத்துக்கு முந்திய பழைய வடிவமாகவே வைக்கிறார். இன்றைக்கும் விடாமல் ஓடும் முற்பணத்தை அந்தப் பெட்டிக்குள் போட மனம் வரவில்லை.

கரைவலைப் பாடு, அதாவது வலை வளைக்கும் கரைத்துண்டுக்கான உரிமை, என்று வரும்போதும் வெபர்தான் கைகொடுக்கிறார். எந்தக் கரைத்துண்டில் எந்தச் சம்மாட்டி வலை வளைக்கலாம் என்பது பணத்தால் மட்டும் தீர்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் இங்கே வருவார்கள். போட்டி கூடும்போது மொழி, மதம், ஊர், சாதி என்று கைக்கு அகப்பட்ட ஏதோ ஓர் அடையாளத்தைப் பிடித்து வாசலை மூடுவது பற்றி வெபர் எழுதியது அப்படியே பொருந்துகிறது.

வெபரை எடுத்தால் சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. வர்க்கநிலைகளுக்கு எல்லை போட அவர் தரும் வழி தளர்வானது. கவனிக்காவிட்டால் முப்பது வீட்டுக்கு முப்பது வர்க்கம் வரும். இலாபம் எங்கே பிறக்கிறது என்பதில் மார்க்ஸின் ஆழம் இங்கே கிடையாது. கருவாடு போடும் பெண்களின் கூலியில்லா உழைப்பு மூவரிடமும் நழுவிவிடுகிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகுகளுக்கு இந்த அளவுகோல் எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். முதலீடு பெரிது, சொந்தக்காரர் கரையில் நிற்கலாம். அங்கே தராசு மார்க்ஸ் பக்கம் சாயக்கூடும்.

இன்னொன்று: வெபர் என்றதும் புரட்டஸ்தாந்து அறம் பற்றிய 1904–05 கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்து, வாடி முதலாளியின் சிக்கனத்தில் மதச் சீர்திருத்தவாதி கல்வினைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அது தவறான புத்தகம்.

வினாக்கொத்தில் ‘மாத வருமானம் என்ன’ என்று கேட்காதீர்கள். பங்குத் தொழிலில் அதற்கு வரும் விடை ஊகம்தான். கடைசியாகக் கடலுக்குப் போன மூன்று தடவையின் விற்பனைத் துண்டை வாங்கிப் பாருங்கள். பிறகு தனித்தனியாகக் கேளுங்கள்: முற்பணம் யார் தந்தது, எவ்வளவு மிச்சம், மீன் அவருக்கே போடவேண்டுமா, அன்று கரை விலைக்கும் அவர் விலைக்கும் கிலோவுக்கு என்ன வித்தியாசம், படகுப் பங்கு எத்தனை, வாடைக்காலத்தில் அரிசிக்கு யாரிடம் போகிறார்கள். சொந்தக்காரரையும் ஆளையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் பங்குக் கணக்கு ஒரே மாதிரியாகத்தான் வரும். அதனால் ஆளை வேறொரு நாளில் வீட்டில் போய்ப் பாருங்கள்.