மிகிந்தலையா, சிகிரியாவா?

இலங்கையின் வட மத்தியப் பக்கம் போகிறவர்கள் ஒரு நாள்தான் கையில் இருந்தால் சிகிரியா பாறைக் கோட்டைக்கே வண்டியைத் திருப்புகிறார்கள். மலைமேல் பிக்குகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கத்தான் ஆசை என்றால், நான் மிகிந்தலையைத்தான் சொல்வேன். அனுராதபுரத்திலிருந்து கிழக்கே 13 கிலோமீட்டர்தான்.

பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த, அசோகரின் மகன் மகிந்தர், அப்போதைய மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் மலை இது. மொத்தம் 1,840 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி உயரம் வரை வாகனத்திலேயே போய்விடலாம். அங்கே இருக்கும் பிக்குகளின் உணவுக்கூடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சோற்றுக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று என்று நீளமான இரண்டு கல் தொட்டிகள். எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள் என்பது அவற்றின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும். பக்கத்திலேயே 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் நிறுத்திய இரண்டு பெரிய கல்வெட்டுகள். விகாரையில் யாருக்கு என்ன வேலை, அதற்கு என்ன ஊதியம் என்று எல்லாமே அதில் உண்டு. அடிவாரத்து வைத்தியசாலையில் நோயாளி படுப்பதற்கு மனித உடல் வடிவிலேயே குடைந்த மருந்துத் தொட்டியையும் தவறவிடாதீர்கள்.

தோட்டம் என்று வந்தால் சிகிரியாவோடு போட்டியே இல்லை. காசியப்பன் என்ற மன்னன் (ஆட்சி கி.பி. 477–495) அமைத்த நீர்த் தோட்டத்தில் துளையிட்ட சுண்ணாம்புக்கல் பலகைகள்தான் நீரூற்றுகள். பம்பு கிடையாது, நீரின் அழுத்தம்தான் வேலை செய்கிறது. நல்ல மழைக்குப் பிறகு இன்றைக்கும் தண்ணீர் பீறிடும். அதைத் தாண்டினால் பாறைத் தோட்டம். அரசனுக்குப் பல நூற்றாண்டு முன்பே பிக்குகள் தங்கிய குகைகள் இங்கே உள்ளன. மழைநீர் உள்ளே வழியாதபடி குகை நெற்றியில் வெட்டிய விளிம்பையும், தானம் கொடுத்தவர் பெயர் சொல்லும் பழங்கால பிராமி எழுத்தையும் பார்க்கலாம். காசியப்பனுக்குப் பின் இடம் மறுபடி பிக்குகள் கைக்கே போனது. ஆனால் பாறை உச்சிக்கு ஏறும் வாசலில் உள்ள சிங்கப் பாதத்தை நோக்கி ஓடுகிற கூட்டம் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

வெளிநாட்டவருக்குச் சிகிரியா நுழைவுச்சீட்டு மிகிந்தலையைவிடப் பல மடங்கு அதிகம். வெயிலும் அங்கே கடுமை, ஆகவே திறந்தவுடன் ஏறிவிடுங்கள். மிகிந்தலையின் மேல்தளத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், நண்பகலில் கல் கொதிக்கும்; மாலைதான் சரி. மகிந்தர் வருகையைக் கொண்டாடும் ஜூன் மாதப் பொசன் பௌர்ணமியில் மிகிந்தலையில் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.