பிளஸ் ஒன் வணிகவியல் குரூப்: நான்காவது பாடம் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடுகளா?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் குரூப் எடுக்கும் எல்லோருக்கும் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மூன்றும் பொது. நான்காவது பாடத்தில்தான் பாதை பிரிகிறது. பெரும்பாலும் போட்டி இரண்டு பாடங்களுக்கு இடையில்தான்: வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒன்று, கணினிப் பயன்பாடுகள் மற்றொன்று. வரலாறு சேர்ந்த குரூப்பும் உண்டு. அரசுப் பணித் தேர்வுதான் குறி என்றால் அது நல்ல தேர்வே, இங்கே அதை விட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கைப் புரிந்து போட்ட மாணவர் என்றால் வணிகக் கணிதம் எடுக்கட்டும் என்பதே என் கட்சி.

முதலில் மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம். வணிகக் கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. கணினிப் பயன்பாடுகளில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஆக, கணினி மாணவருக்கு 30 மதிப்பெண் பொதுத்தேர்வுக்கு முன்பே ஏறக்குறைய கையில் வந்துவிடுகிறது. சராசரி மாணவருக்கு இது பெரிய ஆறுதல்தான், மறுக்க முடியாது. ஆனால் முழு மதிப்பெண்ணைக் குறிவைப்பவருக்கு வணிகக் கணிதம் எந்த வகையிலும் குறைந்ததில்லை. விடை தவறினாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு: பள்ளியில் விட்டதைப் பிறகு எதில் எளிதாகப் பிடிக்க முடியும்?

கணினிப் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க் (அட்டவணைக் கணக்கு மென்பொருள்), இம்ப்ரெஸ், பிறகு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை பதினொன்றில் வருகின்றன. பேஜ்மேக்கர், மைஎஸ்க்யூஎல், பி.எச்.பி., வலையமைப்பு, மின்வணிகம் பன்னிரண்டில். பயனுள்ளவைதான். ஆனால் ஒரு விடுமுறையில், ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், இவற்றில் பெரும்பகுதியைத் தானாகவே கற்றுக்கொள்ளலாம். சில பகுதிகள் பழசாகியும்விட்டன: பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அடோபியே அதை இன்டிசைனுக்கு வழிவிட்டு நிறுத்திவிட்டது. வணிகவியல் மாணவருக்கு வேலைக்கு வேண்டிய முதல் மென்பொருளான டேலி, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் தனி அலகாகவே இருக்கிறது. அதை அறிமுகம் செய்துகொள்ள கணினிப் பயன்பாடுகள் எடுத்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பல பெற்றோர் வியக்கிறார்கள்.

கணிதம் அப்படி அல்ல. இரண்டு ஆண்டு விட்டுப்போனால் அதை மீட்பது கடினம், மீட்க வேண்டிய இடமும் சீக்கிரமே வந்துவிடுகிறது. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் மூன்றாவது தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகக் கணிதம் 40, தர்க்கம் 20, புள்ளியியல் 40 என 100 மதிப்பெண். 2 மணி நேரம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 கழிப்பு. ஒவ்வொரு தாளிலும் 40 எடுத்தாக வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். கணக்கியலிலும் சட்டத்திலும் நன்றாக எழுதிவிட்டு இந்த ஒரு தாளில் 40-ஐத் தொடாவிட்டால் அந்த முயற்சி அத்தோடு போயிற்று. சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) ஃபவுண்டேஷனிலும் மூன்றாம் தாள் வணிகக் கணிதமும் புள்ளியியலும்தான். சி.ஏ. எண்ணமே இல்லாதவருக்கும் பி.காம்., பி.பி.ஏ. வகுப்பில் வணிகப் புள்ளியியல் ஏதாவது ஒரு பருவத்தில் வந்து நிற்கும், பி.ஏ. பொருளியலிலும் அதுதான்.

இந்தத் தாள்களுக்கு வேண்டியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வரிசை மாற்றமும் சேர்வும் (பதினொன்று, 2-ஆம் அத்தியாயம்), நிதியியல் கணிதம் (7), விவரணப் புள்ளியியலும் நிகழ்தகவும் (8), ஒட்டுறவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற கணக்கு) தொடர்புப் போக்கும் (9). நான்கும் பதினொன்றாம் வகுப்புப் பாடம். நிகழ்தகவுப் பரவல்களும் குறியீட்டெண்களும் பன்னிரண்டில். 2025-26 முதல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லாததால், ஜூலையிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவ நினைக்கும் பள்ளிகள் இருக்கும். சேரும்போதே கேளுங்கள்: பதினொன்றின் பத்து அத்தியாயங்களையும் நடத்துவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் வணிகக் கணிதத்தின் பாதிப் பயன் போய்விடும்.

தடுக்கி விழும் இடங்கள் ஆண்டுதோறும் ஒன்றேதான். ஈவுத்தொகையை (பங்குதாரருக்கு நிறுவனம் தரும் லாபப் பங்கை) சந்தை விலைக்குக் கணக்கிடுவது முதல் பிழை. 100 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 125 ரூபாய்க்கு வாங்கினால், 10 சதவீத ஈவு என்பது 10 ரூபாய்தான், 12.50 இல்லை, போட்ட பணத்துக்கு வருவாய் 8 சதவீதம். தவணைக் கணக்கில், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதத் தவணை, 3 ஆண்டு என்றால் வீதம் 1 சதவீதம், தவணைகள் 36. வீதத்தை மாற்றிவிட்டுத் தவணை எண்ணிக்கையை மாற்ற மறப்பவர்கள் நிறைய. பன்னிரண்டில் போக்குவரத்துக் கணக்கை (சரக்கைக் குறைந்த செலவில் அனுப்பும் வழி காணும் கணக்கை) தொடங்கும்போது மொத்த அளிப்பும் மொத்தத் தேவையும் சமமா என்று பார்க்காமல் கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறார்கள். ஒட்டுறவுக் கணக்கில் சூத்திரம் சரியாகவே இருக்கும்; அட்டவணையின் ஒரு வர்க்கத்தில் கை தவறியிருக்கும். விடை -1-க்கும் +1-க்கும் வெளியே போனால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும் பிழைகள்.

எடுக்கலாமா என்று சோதிக்கப் பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தாளில் 16 மதிப்பெண் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் போகிறது; மனப்பாடப் பயிற்சியிலேயே அது கிடைத்துவிடும், வணிகக் கணிதத்தில் பெரிதாக உதவாது. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இன்னும் நல்ல வழி: பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், புள்ளியியல் அத்தியாயங்களிலிருந்து மொத்தம் பத்துக் கணக்கு, ஒரு மணி நேரம், புத்தகம் மூடியபடி. ஆறு வந்தால் தாராளமாக எடுக்கலாம். நான்குக்குக் கீழே என்றால் கணினியே மேல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கோ ஐந்தோ வருகிறவர் விஷயத்தில் ஆசிரியர் யார் என்பதே முடிவு செய்யும். அந்தப் பள்ளியில் வணிகக் கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இல்லையென்றால் நானே வேண்டாம் என்பேன்.

கணினியின் பக்கமும் நியாயம் உண்டு. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஆய்வகம்தான் முதல் விசைப்பலகை. கால்க்கில் ஒரு சம்பளப் பட்டியலைத் தானே போட்டுப் பார்க்கும் பழக்கம் எந்த அலுவலகத்திலும் கைகொடுக்கும். வலைத்தள வேலையில் ஆர்வம் இருந்தால் அந்த விதை இங்கே விழும். ஆனால் ஆய்வகத்தின் நிலை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. ஒரே கணினியை மூன்று பேர் பகிர்ந்து, செய்முறைப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் இடத்தில் இந்த நியாயம் நிற்காது. சேர்க்கைக்கு முன் ஆய்வகத்தை நேரில் பார்த்துவிடுங்கள். பி.சி.ஏ. போக நினைப்பவர் கல்லூரியின் தகுதி விதியை அதன் விவரக் கையேட்டிலேயே படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அது வேறுபடும்.

ஏற்கெனவே கணினி எடுத்துவிட்டு இப்போது சி.ஏ. ஆசை வந்தவர்களுக்கு: வணிகக் கணிதப் புத்தகங்கள் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. பதினொன்றின் 7, 8, 9, பிறகு 2 என்ற வரிசையில் தொடங்குங்கள். நிதியியல் கணிதம் கணக்குப்பதிவியலோடு ஒட்டியிருப்பதால் அதில் தயக்கம் குறைவாக இருக்கும். வரிசை மாற்றத்தில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே மனம் சோர்ந்துவிடும். ஒட்டுறவு அட்டவணையைக் கையால் போட்டபின் கால்க்கில் ஒட்டுறவைக் கணக்கிடும் கோரல் (CORREL) சார்பை இட்டு விடையைச் சரிபார்க்கலாம்.