பெரிய படகா, ரப்பர் படகா, கயாக்கா? திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குப் போன இடத்தில் திமிங்கிலம் காட்டுகிறோம், டால்பின் காட்டுகிறோம் என்று கூப்பிடும் படகுகள் பெரும்பாலும் மூன்று வகைதான். கூட்டமாக ஏறும் இரண்டடுக்குப் படகு, பத்துப் பன்னிரண்டு பேரோடு பறக்கும் ரப்பர் படகு, நாமே துடுப்புப் போடும் கயாக். விளம்பரத்தில் மூன்றுக்கும் பக்கத்திலேயே திமிங்கிலம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நேரில் கதை வேறு.

குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், பெரிய படகுதான். ஆட்டம் குறைவு, கழிவறை இருக்கும் (அதன் அருமை இரண்டாவது மணி நேரத்தில் தெரியும்). எல்லாவற்றையும்விட உயரம் பெரிய வசதி. நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு 9 மீட்டர் வரை எழும்பும். மேல்தளத்தில் நிற்பவர் அதைத் தொலைவிலேயே பார்த்துவிடுவார், தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் எழும் அலையே மறைத்துவிடும். திமிங்கிலம் மேலே வருவதற்கு முன்பே தண்ணீருக்குள் வெளிர் பச்சை கலந்த நீலத்தில் ஒரு நீளமான திட்டு தெரியும், அதுவும் மேலிருந்து பார்த்தால்தான்.

தொல்லை, கூட்டம்தான். "அதோ வலப்பக்கம்!" என்று ஒருவர் கத்தினால் போதும், எல்லோரும் அந்தப் பக்கம் பாய்வார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே, அதற்கு அதிக ஆட்களை ஏற்றியதோடு, விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் லைஃப் ஜாக்கெட் தராமல் ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிற படகில் காசு கொடுத்திருந்தாலும் ஏறாதீர்கள்.

ரப்பர் படகின் ருசியே வேறு, அதை மறுக்க முடியாது. திமிங்கிலம் மூச்சு விடும் சத்தம் காதில் விழும், காற்று நம் பக்கம் அடித்தால் அந்த மூச்சின் மீன் நாற்றமும் சேர்ந்தே வரும். ஆனால் ஒவ்வொரு அலையிலும் தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே போகக்கூடாது, மற்றவர்களும் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

"நாங்கள்தான் ரொம்பக் கிட்டப் போவோம்" என்று சொல்லி இதை விற்பார்கள். அதை நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பொதுவாகப் படகு திமிங்கிலத்துக்கு 100 மீட்டரும் டால்பினுக்கு 50 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும்; ஹவாயில் ஹம்ப்பேக் திமிங்கிலத்துக்கு 100 கஜம். சட்டத்துக்குப் பெரிய படகும் ஒன்றுதான், சின்னப் படகும் ஒன்றுதான். அதைத் தாண்டிக் கிட்டப் போகிறவர் திமிங்கிலத்தைத் துரத்துகிறார் என்று அர்த்தம், துரத்தினால் அது முங்கிவிடும்.

வேகம் உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு. நியூசிலாந்தின் கைகோராவில் பார்க்கக் கிடைக்கும் ஸ்பெர்ம் திமிங்கிலம் முக்கால் மணி நேரம்கூட அடியில் இருந்துவிட்டு, மேலே வந்து சில நிமிடங்கள் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போய்விடும். தண்ணீருக்குள் மைக் இறக்கி அதன் சத்தத்தைக் கேட்டு இடம் பிடிக்கிறார்கள், அந்தச் சில நிமிடங்களுக்குள் போய்ச் சேர வேகமான படகு வேண்டும். அடிக்கடி தலை காட்டும் ஹம்ப்பேக்குக்கு இந்த அவசரமெல்லாம் தேவையில்லை.

கயாக்? சீல்கள் இருக்கும் அமைதியான விரிகுடாவுக்கும் அலையாத்திக் காட்டுப் பறவைகளுக்கும் இதை அடிக்க ஆளில்லை. இஞ்சின் சத்தம் இல்லாததால் கொக்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திறந்த கடலில் திமிங்கிலத்துக்காகக் கயாக்கில் போவது என் கணக்கில் வீண் துணிச்சல், முதலை உள்ள தண்ணீரில் அதைவிட மோசம்.

படகு என்றாலே குமட்டுகிறதா, தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் மாதிரி இடம் பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் பாறைக்கரை ஓரமாகவே வரும், பைனாகுலரோடு உட்கார்ந்தால் போதும். படகில்தான் போவேன் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. கீழ்த்தளத்தில் நடுவில் இருங்கள், ஆட்டம் அதிகம் முன்பக்கம்தான்.

அப்புறம், "பார்க்க முடியாவிட்டால் மறுபடி இலவசம்" என்பார்கள். பெரும்பாலும் பணம் திரும்ப வராது, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் பதிவு செய்தால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை, போய் இறங்கியதும் முதல் வேலையாகப் போய்விடுங்கள்.