வேலூரில் ‘ஓக்’ இன்டீரியர் செய்யப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் இதைப் படியுங்கள்

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கமெல்லாம் புது வீடு கட்டியவர்களிடம் இப்போது ஓக் மோகம் அதிகம். வெளிர் நிற மரம், அதற்கு மேல் மறைவிலிருந்து வழியும் விளக்கு. பார்க்க அழகுதான், நாங்களும் அதற்குத்தான் ஆசைப்பட்டோம். எங்கள் வீட்டு இன்டீரியர் வேலையைச் செய்த கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

பேச்சு என்னவோ தேனாக இருந்தது. “அமெரிக்கன் ஒயிட் ஓக் வெனீர் மேடம், உள்ளே மெரைன் பிளை” என்றார்கள். அதாவது, ஈரம் தாங்கும் பிளைவுட்டின் மேல் அசல் ஓக்கை மெல்லிய தாளாகச் சீவி ஒட்டியது. கையில் கொடுத்த சாம்பிளும் அசல்தான். நகத்தை ஓட்டினால் ரேகையின் பள்ளம் தட்டுப்பட்டது, மஞ்சள் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே தேன் நிறத்தில் மின்னியது. கொட்டேஷனில் பலகையின் பெயர் இல்லை, கனம் இல்லை, வெனீர் என்ற சொல்லும் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் ஃபைனல் பில்லில் வரும்” என்று பதில். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

தேக்கு என்றால் நம் ஊரில் இப்படி ஏமாற்றுவது கஷ்டம். வாசனையை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஓக் இந்தப் பக்கம் வளரும் மரமே இல்லை. வெனீருக்கான ஓக் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அறுத்த மரத்தைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. அதனால் வெளிர் பழுப்பில் கோடு போட்ட எதையும் ஓக் என்று விற்றுவிடலாம்.

எங்கள் வீட்டில் குட்டு உடைந்தது அவர்களே போட்ட விளக்கால்தான். டிவி பேனலுக்கு மேல் சுவரை ஒட்டினாற்போல ஒரு ப்ரொஃபைல் லைட், அதாவது நீளச் சட்டத்துக்குள் எல்இடி ஸ்ட்ரிப். வெளிச்சம் மேலிருந்து பலகையை உரசிக்கொண்டு இறங்கும்போது உண்மையான ஓக் என்றால் நுண்துளைகளும் ரேகைகளும் நிழல் விழுந்து எடுத்துக்காட்டும். இங்கே வழவழவென்று ஒரே பளபளப்பு. ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு விளக்குப் புள்ளியும் வரிசையாகப் பலகையில் தெரிந்தது. அப்புறம் உற்றுப் பார்த்தால், வார்ட்ரோப் கதவில் இருந்த அதே மரக்கண், அதே வளைவோடு, பூஜை அறைக் கதவிலும் இருந்தது. எந்த மரமும் ஒரே மச்சத்தோடு இரட்டையாக வளராது. அடுத்தடுத்துச் சீவிய வெனீர் தாள்கள்கூட ஏறக்குறையத்தான் ஒன்றுபோல இருக்கும்; துளியும் பிசகாமல் திரும்ப வருவது அச்சடித்த படம்தான்.

தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். கீழ் விளிம்பை மூடி ஒட்டிய பட்டை, எட்ஜ் பேண்ட், பிரிந்திருந்தது; அதை லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. உள்ளே பிளைவுட்டின் அடுக்குகளே இல்லை, அழுத்திய மரத்தூள். “ஏம்மா, இது ப்ரீலாம் பார்ட்டிகிள் போர்டு. பாத்ரூம் சுவர் பக்கம் வேற வெச்சிருக்காங்க, தண்ணி பட்டா உப்பிடும்” என்றார். ப்ரீலாம் என்றால் மர டிசைன் அச்சடித்த காகிதத்தை மேலே ஒட்டி வரும் பலகை. சாம்பிள் துண்டையும் சோதித்தார்: பாலிஷ் படாத பக்கத்தில் ஈரமான இரும்பு ஆணியை வைத்துவிட்டு டீ குடித்தார். எடுத்தபோது கருநீலக் கறை. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்பும் ஈரமும் பட்டால் கறுக்கும். கடையில் காட்டியது ஓக், மாட்டியது காகிதம்.

விளக்கு விஷயம் தனிக் கொடுமை. கேட்டது 3000 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். போட்டது 6500. அந்த நீல வெளிச்சத்தில் அசல் ஓக்கே சாம்பல் பூத்துத்தான் தெரியும், போலியைக் கேட்கவா வேண்டும்! நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90 ஸ்ட்ரிப் என்று பேசியது; ரோலிலோ பெட்டியிலோ அப்படி ஒரு எண்ணே இல்லை. எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டிகளை ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்து, திறப்பு எதுவும் விடாமல் ஜிப்சம் போட்டு மூடிவிட்டார்கள். மேலே மொட்டை மாடி. மே மாத வேலூர் வெயிலில் அந்த இடைவெளி எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்இடி டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன். ஹாலில் பாதி அணைந்தது, மீதி சிமிட்டுகிறது. மாற்றச் சீலிங்கை வெட்ட வேண்டும்.

போனில் கேட்டதற்கு வந்த பதில்: “போட்டோவில் ஓக் மாதிரிதானே மேடம் தெரியுது?”

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கொட்டேஷனில் ‘ஓக் வெனீர், ஐஎஸ் 710 பிளைவுட்’ என்று எழுத்தில் வாங்குங்கள்; ஐஎஸ் 710 என்பது மெரைன் பிளைக்கான இந்தியத் தர எண். பலகை வீட்டுக்கு வந்து இறங்கும்போது, வெட்டுவதற்கு முன், முத்திரையைப் போட்டோ எடுங்கள். சாம்பிளில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்குக் கை போகும் அளவு திறப்பு கேளுங்கள். கடைசித் தவணையை விளக்கெல்லாம் எரியவிட்டு ஒரு முழு ராத்திரி பார்த்த பிறகு கொடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். புகார் பதிவு எண் கடைக்குப் போன மறுநாளே கடையிலிருந்து ஆள் வந்து, டிரைவரை மட்டும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். பலகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.