ரெனால்ட்ஸ் 531 எஃகுச் சைக்கிள் சட்டம் (ஃபிரேம்): ஆறு ஆண்டு ஓட்டத்துக்குப் பின்

ஆறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம், 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட நெடும்பயணச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சக்கரங்களும் செயினும் தேறாத நிலையில் இருந்தன. ஆனால் சீட்டைத் தாங்கும் குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்று எஃகின் பெயரைச் சொல்லும் பச்சைநிற ஒட்டி மங்காமல் இருந்தது. அந்தச் சட்டத்துக்காகவே பணம் கொடுத்தேன். அன்றுமுதல் வேலைக்குப் போய்வரவும், கோடையில் பைகளைக் கட்டிக்கொண்டு வெளியூர் செல்லவும் அதையே ஓட்டுகிறேன்.

குழாயின் சிறப்பு அதன் உள்ளே இருக்கிறது. பர்மிங்காமில் ஆணி செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ், மூட்டு விழும் இரு முனைகளில் மட்டும் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் சுவர் அமைந்த குழாய்க்கு 1897இல் காப்புரிமை பெற்றார். வெளியே பார்த்தால் குழாய் முழுவதும் ஒரே பருமன்தான். 1935இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 எஃகைக் கொண்டுவந்தபோது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பிலேயே போதிய வலிமை கிடைத்தது. பிற்காலத்தில் ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்க உட்சட்டத்துக்கும் இதே எஃகில் செய்த குழாய் பயன்பட்டது. ரெனால்ட்ஸ் 1928இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் அம்பத்தூர் ஆலைக்குரிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே குழுமம்தான். அந்த நிறுவனம் செய்த நம் ஊர் ஹெர்குலிஸ் சைக்கிளை ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது தூரத்து உறவு.

இந்த எஃகை நேரடியாக வெல்டிங் செய்தால் மூட்டருகே வலிமை குறையும் என்பதால், குழாய்களை ‘லக்’ எனப்படும் உறைகளில் செருகிப் பித்தளையோ வெள்ளியோ கலந்த பற்றாசு வைத்து இணைத்தார்கள். என் சட்டத்தின் லக் ஓரங்களை யாரோ ஒருவர் அரத்தால் பொறுமையாகச் சீவி மெலிய வைத்திருக்கிறார். காலையில் பூட்டைத் திறக்கும்போது அந்த ஓரங்களை ஒரு கணம் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

எஃகு அதிர்வை உறிஞ்சிவிடும் என்று பலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. முக்கோணமாகக் கட்டிய சட்டம் மேலும் கீழுமாக வளைவது மிகச் சொற்பம். சுகமான ஓட்டத்தில் பெரும்பங்கு டயருக்கே உரியது. இந்தச் சட்டம் 27 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் ஆரம் குறைந்த 700சி சக்கரத்தைப் பொருத்தியதால் 32 மில்லிமீட்டர் டயருக்கு இடம் கிடைத்தது; பிரேக் கட்டைகளைச் சற்றுக் கீழிறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கரடுமுரடான சாலையில் நான் உணர்ந்த மாற்றம் அந்த டயரால் வந்தது.

எஃகின் உண்மையான பெருமை, அதைத் திருத்த முடியும் என்பதே. பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி என் சட்டத்தில் 126 மில்லிமீட்டராக இருந்தது; இக்காலப் பத்துப் பல்சக்கரத் தொகுதிக்கு 130 வேண்டும். மெக்கானிக் சட்டத்தைத் தக்க கருவியில் பூட்டி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் சட்டத்தின் இரு பின்கைகளையும் அளந்து அளந்து விரித்து, நேர் பார்த்துக் கொடுத்தார். மறு ஆண்டு பனியில் சறுக்கி விழுந்தபோது கியர் மாற்றி தொங்கும் காது உள்ளே வளைந்துவிட்டது. அதையும் கால்மணி நேரத்தில் நிமிர்த்தினார். கார்பனிலோ அலுமினியத்திலோ இப்படி விரிப்பதை எந்த நல்ல மெக்கானிக்கும் ஒப்ப மாட்டார். தாங்கும் எல்லைக்குள் ஓடும்வரை எஃகு திரும்பத் திரும்ப வரும் சுமையால் களைப்படைந்து விரிவதில்லை என்பதும், அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லை இல்லை என்பதும் பொறியியல் உண்மைகள்.

குறைகளும் உண்டு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையைச் சேர்க்காமலே சட்டம் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. நல்ல கார்பன் சட்டம் ஒரு கிலோவுக்குள் அடங்கும். மேல்குழாய் ஓர் அங்குலமும் கீழ்க்குழாய் ஒன்றே கால் அங்குலத்துக்கும் குறைவாக இருப்பதால், பின்னால் பாரம் ஏற்றி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் சட்டம் பக்கவாட்டில் நெளிவது தெரிகிறது. பந்தயத்தில் நேரம் பார்ப்பவர்கள் வேறு பொருளைத் தேடுவதே நல்லது.

வாங்குபவர்கள் முதலில் ஒட்டியைப் படியுங்கள். சிலவற்றில் மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டுமே 531. கவையும் பின்கைகளும் அதே எஃகு என்றால் அதையும் ஒட்டி சொல்லும். சீட்டுத்தண்டின் விட்டம் 27.2 மில்லிமீட்டராக இருந்தால் உள்ளே முனை தடித்த மெல்லிய குழாய் என்று பெரும்பாலும் நம்பலாம். முன்கழுத்தை ஒட்டிக் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கி மேடு தட்டினால் முன்புறம் மோதிய சட்டம், விட்டுவிடுங்கள். அலுமினியச் சீட்டுத்தண்டு எஃகுக் குழாய்க்குள் இறுகிப் போயிருக்கிறதா என்பதை அங்கேயே திருகிப் பார்க்க வேண்டும். எனக்கு அது இரண்டு நாள் வேலை வைத்தது. அதனால் குளிர்காலம் தொடங்குமுன் தண்டை உருவி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி உள்ளிருக்கும் நீரை வடித்து, காய்ந்தபின் கிரீஸ் தடவித் திரும்பச் செருகுகிறேன்.