சாமானோடு வாடகை வீடா, வெறும் வீடா: ஐந்தோவன் பக்கத்துக் கிராமங்களில் இரண்டிலும் இருந்து பார்த்த கணக்கு

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் வேலை கிடைத்து வருகிற நம்மவர்கள் முதலில் கேட்பது எந்த ஏரியா என்றுதான். நகரம் வேண்டாம், அமைதியான கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டை எந்த நிலையில் எடுக்கப் போகிறீர்கள்? நெதர்லாந்தில் வாடகை வீடு மூன்று விதம். 'காள்' என்றால் வெறும் வீடு. 'கெஸ்டொஃபேர்ட்' என்றால் தரையும் திரைச்சீலையும் இருக்கும், பெரும்பாலும் அடுப்பு, ஃப்ரிட்ஜும் இருக்கும். 'கெமூபிலேர்ட்' என்றால் கட்டிலிலிருந்து கரண்டி வரை எல்லாமே இருக்கும். நாங்கள் 2023 கடைசியில் நூனென் கிராமத்தில் ஒரு கெமூபிலேர்ட் வீட்டில் பதினான்கு மாதம் இருந்தோம், 2025 தொடக்கத்திலிருந்து ஹேஸேயில் ஒரு காள் வீட்டில் இருக்கிறோம்.

நூனென் வீட்டு வாடகை மாதம் 1,950 யூரோ. பெட்டியை இறக்கி வைத்த அன்று ராத்திரியே சமைத்துச் சாப்பிட்டு மெத்தையில் தூங்கினோம், சின்னக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் சாவியோடு நான்கு பக்கப் பட்டியல் ஒன்றையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்: ஒயின் கிளாஸ் 12, முட்டை வைத்துச் சாப்பிடும் கிண்ணம் 6, வெள்ளை நிறத் தரைவிரிப்பு 1, இப்படி. சமையலறை ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை, மேடை பளிச்சென்ற வெள்ளைக் கல். அந்த மேடையில் மஞ்சள்தூள் டப்பா ஒருநாள் ஈரக்கையோடு சாய்ந்தது. உடனே துடைத்தும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் நின்றுவிட்டது, பேக்கிங் சோடா, எலுமிச்சை, வெயில் எதற்கும் அசையவில்லை. காலி செய்யும்போது வீட்டுக்காரர் மேடை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி முன்பணத்தில் பாதிக்கு மேல் பிடிக்கப் பார்த்தார்.

2023 ஜூலை 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகையை (மற்றக் கட்டணங்கள் சேராத வாடகை) தாண்டக்கூடாது. பிடிக்க எதுவும் இல்லையென்றால் 14 நாளில் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதி 30 நாளுக்குள் மீதியைத் தர வேண்டும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. இதையெல்லாம் மின்னஞ்சலில் பணிவாக எழுதி, மேடை மாற்றுவதற்கான பில்லைக் கேட்டேன். பில் வரவில்லை, மெருகு போடும் செலவோடு விஷயம் முடிந்தது. மஞ்சளும் தாளிப்பும் இல்லாமல் நம் வீடு ஓடாது, அதனால் பிறர் சாமானுக்கு நடுவில் வாழும்போது ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் பதற்றம் கூடவே இருக்கிறது. என் மனைவி அந்த வீட்டில் ஒருமுறைகூட நிம்மதியாக மீன் பொரித்ததில்லை.

சரி, அந்த வீட்டிலேயே ஏன் தொடர்ந்து இருக்கவில்லை? 2024 ஜூலை 1 முதல் புது வாடகை ஒப்பந்தங்கள் காலவரையற்றவையாகத்தான் இருக்க வேண்டும், சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கெமூபிலேர்ட் வீடு தேடுகிறவர்களுக்கு அதற்குப் பிறகும் மாறாத ஒன்று 'டிப்ளொமாட்டன் கிளாசூல்' என்ற ஒப்பந்த நிபந்தனை. வீட்டுக்காரர் கொஞ்ச காலம் வெளிநாடு போகிறார், திரும்பி வந்து தானே குடியிருக்கப் போகிறார் என்றால் அந்தக் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடலாம், திரும்பும்போது நீங்கள் காலி செய்ய வேண்டும். கிராமங்களில் முழுச் சாமானோடு வருகிற நல்ல குடும்ப வீடுகளில் பல இந்த வகைதான், எங்களுடையதும் அதுதான். குளிர்காலத்துக்கு முன்னால் முன்னறிவிப்பு வந்தது. அவர் வீடு, அவர் வருகிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தை அப்போதுதான் அந்த ஊர்ப் பள்ளியில் டச்சு பேச ஆரம்பித்திருந்தாள்.

ஹேஸே வீட்டின் கதை வேறு. 1970களில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, வாடகை 1,475 யூரோ, காலவரையற்ற ஒப்பந்தம். காள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்தால் சிமென்ட் தரை, அதில் முன்பிருந்தவர் பிய்த்தெடுத்த தரைவிரிப்பின் பசை காய்ந்து வரி வரியாக, கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் இரண்டு ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டு. ஜன்னலில் திரை மாட்டும் கம்பிகூட இல்லை. ஊரில் வாடகை வீடு என்றால் தரையும் மின்விசிறி மாட்டும் கொக்கியுமாவது இருக்கும், இங்கே முந்தையவர் தன் தரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டே போய்விடுவார்.

லேமினேட் தரை, திரைகள், விளக்கு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பழைய கட்டில் ஒன்று, புது மெத்தை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 6,200 யூரோ ஆனது. இரண்டு வீட்டு வாடகைக்கும் வித்தியாசம் மாதம் 475. அதாவது பதின்மூன்று மாதத்தில் போட்ட காசு திரும்பிவிட்டது, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மிச்சம்தான். ஒரு வருடத்துக்குள் கிளம்புகிறவர்கள் கெமூபிலேர்ட் எடுத்தால் தப்பே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இருப்போம் என்று தெரிந்தவர்கள் அதை எடுப்பது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

நடுவில் உள்ள கெஸ்டொஃபேர்ட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு: தரை யாருடையது? வீட்டுக்காரருடையது என்றால் பழுது அவர் பாடு. முன்பிருந்தவரிடம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது என்றால் (இதை 'ஓவர்நாமெ' என்பார்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது) போகும்போது பிய்த்தெடுத்து சிமென்ட் தரையாக ஒப்படைக்கும் வேலையும் உங்கள் தலையில் விழும்.

விடுமுறைப் பூங்காவில் மரவீடு சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம். பெரும்பாலும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி இல்லை. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர் வந்த ஐந்து நாளுக்குள் 'கெமேன்ட்டே'யில், அதாவது உள்ளாட்சி அலுவலகத்தில், முகவரியைப் பதிய வேண்டும். அந்த முகவரியில் பதியக்கூடாது என்று சொல்லும் எந்த வீட்டையும் விட்டுவிடுங்கள்.

ஊர்களை எடுத்துக்கொண்டால், நூனென்தான் பெயர் பெற்றது. வின்சென்ட் வான் கோ 1883 கடைசியிலிருந்து 1885 வரை அங்கே இருந்தார், 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியம் 1885-இல் அங்கேதான் உருவானது, பாதிரியாராக இருந்த அவர் அப்பாவின் வீடு இன்றும் தெருவில் நிற்கிறது. கடைகள் நிறைய. ஆனால் ரயில் நிலையம் கிடையாது, பஸ் அல்லது சைக்கிள்தான். அலுவலகம் ஐந்தோவனுக்கு அந்தப் பக்கம் வெல்ட்ஹோவனில் இருந்தால் நகரத்தையே குறுக்கே தாண்டிப் போக வேண்டும், எதிர்காற்று அடிக்கும் நவம்பர் காலையில் அது சாதாரண வேலையில்லை. ஹேஸேயில் ஐந்தோவனுக்கும் வேர்ட்டுக்கும் நடுவில் ஓடும் ரயில் நிற்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஐந்தோவன், அங்கிருந்து பஸ். கார் இல்லாமல் முதல் வருடத்தை ஓட்ட நினைக்கிறவர்களுக்கு என் ஓட்டு ஹேஸேக்குத்தான். ஊரை ஒட்டியே ஸ்ட்ராப்ரெக்ட்ஸே ஹைடெ என்ற புதர்வெளி இருக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறம். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். வசந்தம் தொடங்கியதும் வயலுக்கு எரு அடிப்பார்கள், அந்த வாரங்களில் துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

வாடகை நியாயமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. வீட்டின் பரப்பு, எரிசக்தித் தரம், மதிப்பு இவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். 2024 ஜூலை முதல் 186 புள்ளி வரை உள்ள வீடுகளின் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு, 2025-இல் அந்த எல்லையில் அடிப்படை வாடகை 1,184.82 யூரோ. 2025 ஜனவரி முதல் புது ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் வீட்டுக்காரர் தர வேண்டும். எங்கள் வீடு 190-ஐத் தாண்டியதால் உச்சவரம்பு பொருந்தவில்லை, ஆனாலும் கணக்கை வரி வரியாகப் படித்தோம். வருட உயர்வுக்கும் வரம்பு உண்டு, 187 புள்ளி முதல் உள்ள வீடுகளுக்கு 2025-இல் அது 4.1 சதவீதம். எரிசக்தித் தரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நூனெனில் அழகான பெரிய ஜன்னல்களுக்காக ஜனவரி மாதக் கேஸ் பில்லில் அழுதோம். குப்பை வரியும் நீர்வாரிய வரியும் குடியிருப்பவர் பெயருக்குத்தான் வரும், அதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காள் வீடு எங்களுக்குக் கொடுத்த இன்னொன்றும் இருக்கிறது. குடிபோன முதல் வாரம், திரைக்கம்பி மாட்ட ஏணி இல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அறுபது வயதிருக்கும் அந்த அம்மா ஏணியோடு துளை போடும் மெஷினையும் எடுத்துக்கொண்டு தானே வந்தார், இரண்டு மணி நேரம் நின்று மூன்று ஜன்னலுக்கும் கம்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, எந்தக் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதியும் கொடுத்தார். எல்லாமே தயாராக இருந்த நூனென் வீட்டில் பதினான்கு மாதத்தில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.